சரக்கு என்னுடையது, அதை இறக்கும் உரிமை யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடைக்கு வரும் சரக்கை லாரியிலிருந்து யார் இறக்கலாம், அதற்கான கூலியை யார் முடிவு செய்வது, இறக்காத சுமைக்குக் கூலி கேட்டால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்குச் சட்டத்தில் தெளிவான விடைகள் இருக்கின்றன. அந்த விடைகள் வணிகர்களுக்கும் தெரியவில்லை, சுமைப்பணித் தொழிலாளர்களுக்கும் தெரியவில்லை என்பதை அண்மையில் நேரிலேயே கண்டேன். அதனால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் வீட்டுக் கட்டுமானப் பொருள்கள் விற்கும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு லாரியில் குழாய்களும் சில சிப்பங்களும் வந்தன. கடையில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மூன்று பேரும் நானும் சேர்ந்து இறக்கத் தொடங்கினோம். கால்வாசி இறக்குவதற்குள் ஏழெட்டுப் பேர் வந்து லாரியின் பின்புறத்தை மறித்துக்கொண்டு நின்றார்கள். இந்தத் தெருவில் சுமை இறக்குவது தங்கள் வேலை என்றும், நாங்களே இறக்கினாலும் முழு இறக்குக்கூலியைத் தங்களிடம் கொடுத்துவிட்டுத்தான் இறக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். ஓட்டுநர் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது, காத்திருந்தால் ஹால்டிங் கட்டணம் என் தலையில் விழும். வானமும் மழை மூட்டமாக இருந்தது. காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்ற பதில்தான் கிடைத்தது. பாதிக் கூலியைக் கொடுத்து அன்றைய பிரச்சினையை முடித்தேன். கொடுத்த பணத்தைவிட, கொடுக்க வேண்டியதில்லை என்று உறுதியாகச் சொல்லத் தெரியாமல் நின்றதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அதன் பிறகு ஒரு வழக்கறிஞரிடம் கேட்டும், சட்டங்களை வாங்கிப் படித்தும் அறிந்துகொண்டதை மற்ற வணிகர்களுக்காக இங்கே எழுதுகிறேன். அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவு எந்தத் தொழிலையும் வணிகத்தையும் நடத்தும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்குகிறது. பொதுநலன் கருதி அந்த உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கச் சட்டத்தால் முடியும். தெருமுனையில் நிற்கும் ஒரு குழு தானாக விதித்துக்கொள்ளும் வழக்கத்தால் முடியாது. ஆகவே நான் தேட வேண்டியிருந்தது, என் சொந்தப் பணியாளர்களைக் கொண்டு சரக்கை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் ஏதேனும் தமிழ்நாட்டில் இருக்கிறதா என்பதைத்தான்.

இங்கே இருப்பது 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் சட்டம். சுமை ஏற்றி இறக்குவோரும் அதன் வரம்புக்குள் வருகிறார்கள். அச்சட்டத்தையொட்டி 1999-இல் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியம் அமைக்கப்பட்டது. 18 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்கள் அதில் பதிவு செய்துகொண்டு கல்வி உதவி, திருமண உதவி, விபத்து நிவாரணம், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் போன்றவற்றைப் பெறலாம். இது தொழிலாளரைக் காக்கும் ஏற்பாடு, நல்ல ஏற்பாடும்கூட. ஆனால் இன்ன தெருவின் சுமையை இன்ன குழுதான் இறக்க வேண்டும் என்று பகுதி பிரித்துக் கொடுக்கும் அதிகாரப் பத்திரமாக வாரிய அட்டை எவருக்கும் வழங்கப்படுவதில்லை. அந்த அட்டை ஒருவர் தொழிலாளி என்பதற்குச் சான்று. என் கடைவாசலில் அவருக்குத் தனியுரிமை இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது.

இந்தக் குழப்பம் பெரும்பாலும் கேரளத்து நிலைமையை இங்கும் பொருத்திப் பார்ப்பதால் வருகிறது என்று நினைக்கிறேன். அங்கே 1978-ஆம் ஆண்டின் சுமட்டுத் தொழிலாளர் (தலைச்சுமைத் தொழிலாளர்) சட்டம் தனியாக இருக்கிறது. வாரியத் திட்டம் செயல்படும் பகுதிகளில் பதிவுபெற்ற தொழிலாளர்களுக்கு அது முன்னுரிமை தருகிறது. அந்தச் சட்டத்தின் கீழேயே, கடைக்காரர் தம் நிரந்தரப் பணியாளர்களைச் சுமைப்பணியாளர்களாகப் பதிவு செய்து அடையாள அட்டை பெற்றுக்கொண்டால் அவர்களைக் கொண்டு இறக்கிக்கொள்ளலாம். வீட்டுத் தேவைக்காகத் தனிமனிதர் அமர்த்தும் ஆளுக்குச் சட்டம் பொருந்துவதே இல்லை. வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்காக வாங்கப்படும் 'நோக்குகூலி'யை 2018 மே 1 முதல் கேரள அரசே ஒழித்தது. அப்படிக் கேட்பவர்கள் மீது மிரட்டிப் பணம் பறித்த குற்றத்துக்கு வழக்குப் பதிய வேண்டும் என்று அம்மாநில உயர் நீதிமன்றமும் 2021-இல் கூறியது. சுமைத் தொழிலாளருக்கு மிக வலுவான சட்டம் உள்ள மாநிலத்திலேயே தூக்காத சுமைக்குக் கூலி இல்லை என்றால், இங்கே மட்டும் அது எப்படி உரிமையாகும்?

ஒரு வேறுபாட்டை இங்கே கவனமாகச் சொல்லியாக வேண்டும். வேலை கொடுங்கள் என்று கேட்பது குற்றமன்று. மூட்டைக்கு இவ்வளவு தந்தால்தான் தூக்குவோம் என்று கூட்டாகப் பேரம் பேசுவதும் குற்றமன்று, சங்கம் அமைக்கும் உரிமையையும் அதே 19-ஆம் பிரிவுதான் தருகிறது. லாரியை நகரவிடாமல் மறிப்பதும், என் பணியாளரைச் சிப்பத்தைத் தொடவிடாமல் தடுப்பதும், அடித்துவிடுவோம் என்று அச்சுறுத்திப் பணம் வாங்குவதும் வேறு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவு முறையற்றுத் தடுத்தலையும், 351-ஆம் பிரிவு மிரட்டலையும், 308-ஆம் பிரிவு அச்சுறுத்திப் பறித்தலையும் குற்றங்களாக்குகின்றன. கடைசியில் சொன்னதற்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது காவல்துறையின் கடமை. நிலையத்தில் மறுத்தால் புகாரை எழுத்தில் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பும் வழியையும் சட்டமே தருகிறது. அன்று நான் தொலைபேசியில் புலம்பியதோடு நிறுத்திக்கொண்டேன். எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் வணிகர்கள் வேறொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பல ஊர்களில் வணிகர் சங்கமும் சுமைப்பணித் தொழிலாளர் சங்கமும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூலி ஒப்பந்தம் போடுகின்றன. கையெழுத்திட்டவர்களை அது கட்டுப்படுத்தும். தொழிலாளர் துறை அலுவலர் முன்னிலையில் ஏற்பட்டதென்றால் அதன் பிணைப்பு இன்னும் வலுவானது. ஆனால் அந்தத் தாளைப் படித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, அட்டி அடுக்கும் (மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்) கூலி ஆகியவற்றின் விகிதம் மட்டும் அதில் இருக்கிறதா, வேலை முழுவதையும் அவர்களுக்கே தருவதாக நம் சங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தே நம் நிலை அமையும். சரக்கு அனுப்புபவரா வாங்குபவரா, இறக்குக்கூலி யார் பொறுப்பு என்பதையும் கொள்முதல் ஆணையிலேயே எழுதிவிடுவது நல்லது.

உரிமையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, கடமையைப் பற்றி எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. வெளியாளை அழைத்துச் சுமை தூக்கச் சொன்னால், அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே பேரம் பேச எனக்கு உரிமை கிடையாது. அவர் பசியால் ஒப்புக்கொண்டாலும் கிடையாது. வேலையில் காயம்பட்டவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பை 1923-லேயே சட்டம் வேலை கொடுப்பவர் மீது வைத்தது. அன்றாடக் கூலிதானே, என் ஆள் இல்லையே என்று கைகழுவுவதற்கு இடமளித்த விதிவிலக்கும் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. ஒரு லாரிப் போக்குவரத்து நிறுவனத்தில் வழக்கமாகச் சுமை தூக்கியவர்கள் அந்நிறுவனத்தின் பணியாளர்களே, அவர்களுக்கும் தொழிலாளர் அரசுக் காப்பீடு (இ.எஸ்.ஐ.) பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. நாள்தோறும் வந்து தூக்குகிறவரை வெளியாள் என்று கணக்கில் எழுதும் வணிகர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கடையின் பெயரில் விபத்து இழப்பீட்டுக் காப்பீடு ஒன்றை எடுத்துவைப்பதற்கு ஆகும் செலவு, ஒருவரின் முதுகெலும்பு முறிந்தால் அவர் குடும்பத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிடத்தக்கதே அன்று.

சுமையின் எடையும் அப்படித்தான். வயதுவந்த ஆண் ஒருவர் தனியே தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. அதைவிடக் கனமான மூட்டைகளை அனுப்பாதீர்கள் என்று மொத்த வியாபாரியிடம் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். என் கடைப் பணியாளர்களைக் கொண்டே இறக்குவேன் என்று உரிமை பேசும் நான், விற்பனைக்காகச் சேர்ந்த அந்த மூவரின் தோளையும் இடுப்பையும் அதே அளவுகோலால் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் சரக்கு மிகுதியாக வரும் நாளில் சுமைப்பணித் தொழிலாளர்களை நானே முன்கூட்டி அழைத்து, கூலியைப் பேசி, ரசீதில் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். அன்று லாரியை மறித்தவர்களில் இருவர் இப்படி வந்து வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் வாரிய அட்டைகூட இல்லை. பதிவு செய்யலாம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

எனவே தொழிலாளர் துறைக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒவ்வொரு சந்தையிலும், கடைவீதியிலும், லாரிப் பார்சல் அலுவலகத்திலும் எளிய தமிழில் ஓர் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். நடப்புக் குறைந்தபட்சக் கூலி, வாரியத்தில் பதிவு செய்யும் முறை, கடைக்காரர் தம் பணியாளரைக் கொண்டு சரக்கை இறக்கிக்கொள்ளலாம் என்ற விவரம், தகராறு வந்தால் அணுக வேண்டிய தொழிலாளர் அலுவலரின் தொலைபேசி எண் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். லாரி மறிக்கப்பட்டதாக வரும் அழைப்பை இரு தரப்பின் சொந்த விவகாரமாகக் கருதாமல் புகாராகப் பதிய வேண்டும் என்று காவல் நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பப்பட வேண்டும்.

இப்படிக்கு,
சில்லறை வணிகர் ஒருவர்