புகார்: பாட்காஸ்ட்ல நடுவுல வர்ற இடைவெளியை எல்லாம் வெட்டுற உங்க ஆப் பத்தி

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்க பாட்காஸ்ட் ஆப்ல வருஷ சந்தா கட்டி பிரீமியம் வச்சிருக்கேன். போன அப்டேட்டுக்கு அப்புறம் பேச்சு நடுவுல சத்தமில்லாம வர்ற இடைவெளியை எல்லாம் ஆப் தானாவே வெட்டிடுது, நான் ஆஃப் பண்ணாலும் அடுத்த எபிசோட்ல திரும்ப ஆன் ஆயிடுது. நேரம் மிச்சமாகும்னு போட்டிருக்கீங்க. எனக்கு நேரம் மிச்சமாக வேணாம் சார், ஷோ முழுசா வேணும்.

நான் கேக்குறது நம்ம சென்னைப் பசங்க ரெண்டு பேர் சொந்தக் காசுல நடத்துற ஷோ, ராக் மியூசிக், கிரிக்கெட், சினிமா எல்லாம் கலந்து பேசுவாங்க. அதுல ஒருத்தர் வாசிக்கிற கிட்டார் ரிஃப்லதான் (திரும்பத் திரும்ப வர்ற சின்ன மெட்டு) ஒவ்வொரு எபிசோடும் ஆரம்பிக்கும், நடுவுல சட்டுனு எல்லாம் நின்னு அப்புறம் டிரம்ஸோட சேர்ந்து இறங்கும், அந்த நிறுத்தம்தான் அதோட உயிரே. உங்க ஆப் அதை வெட்டி ஒட்டுனதுல தாளமே தப்பிப்போய் கேக்குது.

அதைக்கூட விடுங்க. சமீபத்து எபிசோட் 1999 சேப்பாக்கம் இந்தியா-பாகிஸ்தான் டெஸ்ட் பத்தி. டார்கெட் 271, 82க்கு 5 விக்கெட், டெண்டுல்கர் முதுகு வலியோட 136 அடிச்சு கிட்டத்துல கொண்டு வந்துட்டாரு, இன்னும் 17 ரன்தான் வேணும்ங்கும்போது சக்லைன் பால்ல வாசிம் அக்ரம் கேட்ச். அன்னிக்கு கேலரில இருந்த ஒரு பெரியவர்தான் கெஸ்ட். "பந்து மேல போச்சு"ன்னு சொன்னவரால அதுக்கு மேல பேச முடியல, அப்படியே இருக்காரு, தொகுப்பாளரும் குறுக்க பேசாம விடுறாரு. இது எல்லாம் ஃப்ரெண்டு போன்ல வேற ஆப்ல கேட்டப்பதான் எனக்கே தெரிஞ்சுது! உங்க ஆப்ல "பந்து மேல போச்சு" முடிஞ்ச கையோட "12 ரன்ல தோத்துட்டோம்"னு வந்து விழுது. ஜெயிச்ச பாகிஸ்தான் டீமுக்கு கிரவுண்டே எழுந்து நின்னு கை தட்டுனதை சொல்ற இடத்துல விளம்பரம் வேற. விளம்பரம் வராதுன்னு சொல்லித்தானே பிரீமியத்துக்கு காசு வாங்குனீங்க?

கஸ்டமர் கேர்ல கேட்டா ஆப்பை அழிச்சிட்டு திரும்ப போடுங்கன்னாங்க, போட்டேன், அதேதான். அப்புறம் ஷோ நடத்துறவங்களைக் கேளுங்கன்னு ஒரு பதில். அவங்க ஃபைல்ல ஒரு குறையும் இல்லைங்க, அவங்க எபிசோடை வெளியிடுற அதே ஃபீட்ல இருந்து எடுக்குற மத்த ஆப்ல எல்லாம் ஒழுங்காத்தான் வருது. புதுசா உங்க ஆப்ல கேக்குறவங்க பசங்களுக்கு எடிட்டிங் தெரியலன்னு நினைச்சு விட்டுட்டுப் போயிடுவாங்க, ராத்திரி முழிச்சு உக்காந்து எடிட் பண்றவங்களுக்கு இந்தக் கெட்ட பேர் எதுக்கு?

இந்த வசதியை நாங்களா ஆன் பண்ணா மட்டும் வேலை செய்யுற மாதிரி மாத்துங்க, இசை வர்ற ஷோவுக்கு தனியா நிறுத்துற ஆப்ஷனும் குடுங்க. பிரீமியத்துல விளம்பரம் வந்ததுக்கு மீதி மாசத்து சந்தாவை திருப்பிக் குடுங்க. கம்ப்ளெயின்ட் நம்பர் ஏற்கனவே உங்ககிட்ட இருக்கு, அந்த ரெடிமேட் பதிலை திரும்ப அனுப்பாம டெக்னிக்கல் டீம்ல யாராவது இந்த எபிசோடைக் கேட்டுட்டு பதில் போடுங்க.

இப்படிக்கு,
உங்க பிரீமியம் வாடிக்கையாளர்,
மேற்கு மாம்பலம், சென்னை