முதல்ல எங்களை எண்ணுங்கோ: 225 எம்.பி.மாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இலங்கைப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தேர்தல் முறையை மாத்தப் போறம் எண்டு கதை வெளிக்கிட்டா சபையைப் பெருப்பிக்கிற கதையும் பின்னால வரும், அதுக்கு முதல் வாடகை வீட்டில இருக்கிற எங்களை வாக்காளர் இடாப்பில சேருங்கோ எண்டு கேக்கத்தான் இதை எழுதுறன். சபையில 1947ல 101 பேர், 1960ல 157, 1977ல 168. ஜே.ஆர். ஜெயவர்த்தனவின்ர 1978 யாப்பு 196 எண்டுது, ஆனா அந்தக் கணக்குக்குத் தேர்தலே நடக்கேல்ல, 1982ல சர்வஜன வாக்கெடுப்பு வைச்சு இருந்தவையே 1988 கடைசி மட்டும் இருந்தினம். 1988ல யாப்பின்ர 14ஆம் திருத்தத்தோட, நாடு முழுக்க எடுத்த வாக்கைப் பார்த்துக் கட்சியளுக்குக் குடுக்கிற தேசியப் பட்டியல் 29ஐயும் சேர்த்து 225. குறைஞ்சதா ஒருக்காலும் இல்லை.

அந்த 29ஐயும் மாகாணத்துக்கு 4 எண்டு நிரந்தரமா இருக்கிற 36ஐயும் கழிச்சா மிச்சம் 160. அது மாவட்டங்களுக்குப் பிரியிறது வாக்காளர் இடாப்பில எத்தினை பேர் இருக்கினம் எண்டு பார்த்துத்தானே?

நான் கொழும்பு வெள்ளவத்தையில ஒரு வீட்டோட ஒட்டின அனெக்ஸில வாடகைக்கு இருக்கிறன். இந்த முறை இடாப்புப் படிவம் வரேக்க வீட்டுக்கார அன்ரி கேற்றடியில நிண்டே சொல்லிட்டா, "தம்பி, பேரைப் போட்டா பிறகு உங்களை எழுப்பேலாதாம், லோயர் சொன்னவர்." கரண்ட் பில், தண்ணி பில் எல்லாம் அவவின்ர பேரில. ஜி.எஸ்.இட்ட (கிராம சேவகரிட்ட) போனா, வீட்டுக்காரரிட்டக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டுறார். யாழ்ப்பாணத்தில எங்கட ஊரிலயோ, ஆள் இங்க இல்லை எண்டு பேரை வெட்டியாச்சு. வரியை மட்டும் நான் எங்க இருக்கிறன் எண்டு கேக்காமலே எடுக்கிறியள்.

யாழ்ப்பாணத்துக்கு 2010ல 9 ஆசனம், 2024ல 6. சரி, சனம் கொழும்புக்கு வந்திட்டுது எண்டு பாத்தா கொழும்புக்கும் 2020ல இருந்த 19, 2024ல 18. எல்லாம் என்னை மாதிரி ஆக்களாலதான் எண்டு சொல்லேல்ல, ஆனா ரெண்டு இடத்திலயும் நான் இல்லை எண்டது உண்மை.

ஆசனத்தைக் கூட்டுறதோ குறைக்கிறதோ உங்கட இஷ்டம், அதுக்கு முதல் வாடகை வீட்டுச் சனத்தை இடாப்பில சேருங்கோ. முறையை மாத்தி 2018 தேர்தலில உள்ளூராட்சி உறுப்பினர்களை 8,000க்கு மேல கொண்டுபோன உங்களுக்கு இது என்ன பெரிய வேலையே? எங்கட ஒழுங்கையில தெரு லைற்றாவது எரியுதோ எண்டு அந்த 8,000 பேரில ஒருத்தரும் வந்து பாக்கேல்ல, அது வேற கதை.

கோவத்தில எழுதினதுக்கு மன்னிக்கோணும். வாடகை ஒப்பந்தமோ சத்தியக் கடதாசியோ காட்டினா, வீட்டுக்காரரின்ர கையெழுத்து இல்லாமலே எங்கட பேரைப் பதியலாம் எண்டு சட்டத்தில தெளிவா ஒரு வரி போட்டு, அடுத்த இடாப்பு வரமுதல் ஜி.எஸ்.மாருக்கும் அறிவியுங்கோ, தயவு செய்து.

இப்படிக்கு,
இடாப்பில இல்லாத ஒரு வெள்ளவத்தைக்காரன்