பதினான்காம் கேள்வியின் விடைக்குறிப்பைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். நோயெதிர்ப்பியல் தாளின் பதினான்காம் கேள்வி பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். முந்தைய இரண்டு கடிதங்களும் உங்கள் கோப்பில் இருக்கும்.

நோயை எதிர்க்கும் வெள்ளையணுவான டி செல் தூண்டப்படும் விதத்துக்கு உங்கள் விடைக்குறிப்பு ஒரே வரி: ஆன்டிஜென் (கிருமி போன்ற அந்நியப் பொருளின் துண்டு) ஏற்பியில் ஒட்டியதும் செல் செயல்படத் தொடங்கும். என் மாணவி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். புது டி செல்லுக்கு அது மட்டும் போதாது. ஆன்டிஜெனைக் காட்டியபடி எதிரே நிற்கும் செல்லின் பி7 புரதம் டி செல்லின் சிடி28 என்ற இன்னொரு ஏற்பியையும் பற்ற வேண்டும். அந்த இரண்டாம் சமிக்ஞை வராவிட்டால் செல் மரத்துப்போகும் என்று விளக்கியிருந்தாள். துள்ளும் செல்லை சிடிஎல்ஏ-4 என்ற ஏற்பி அடக்குவதையும், ஃபாஸ் ஏற்பி காஸ்பேஸ்-8 என்ற நொதி வழியாக அதைச் சாகவைப்பதையும் படமே போட்டிருந்தாள். ஐந்துக்கு ஒன்று. பாஸாக இரண்டு மதிப்பெண் குறைந்து, அரியர்.

அவள் அம்மா நூல்மில் தொழிலாளி. மறுமதிப்பீட்டுக்குக் கட்டியது அவருடைய இரண்டு நாள் கூலி. வந்த பதில் ‘மாற்றமில்லை’. “நான் எழுதினது தப்பா சார்?” என்றாள். இல்லை என்றேன். அப்புறம் ஏன் ஃபெயில் என்றாள். அதற்கு என்னிடம் பதிலில்லை.

2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், சிடி28-ஐ நேரடியாக முடுக்கும் டிஜிஎன்1412 என்ற மருந்தைச் சோதனைக்காகப் போட்டுக்கொண்ட ஆறு பேருமே உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். சிடிஎல்ஏ-4, பிடி-1 என்ற பிரேக்குகளை எடுத்துவிட்டுப் புற்றுநோயோடு மோதலாம் என்று காட்டியதற்குத்தான் 2018-இல் ஆலிசன், ஹோஞ்சோ என்ற இரு விஞ்ஞானிகளுக்கும் நோபல். இவ்வளவும் உங்கள் ஒரு வரிக்குள் எங்கே இருக்கிறது? மனு மட்டும் போதாது, மேலிடத்திலிருந்து ஒரு போனும் வந்தால்தான் கோப்பு அசையும் என்பது நம் அலுவலகங்களில் எல்லோருக்கும் தெரியும். டி செல்லுக்கும் அதே விதி என்றால் மட்டும் ஏன் தப்பாகிவிடுகிறது?

பிள்ளைகள் கைடைத் தாண்டிப் படிப்பதில்லை என்று ஒவ்வொரு கருத்தரங்கிலும் வருந்துகிறவர்களும் நீங்கள்தான். தாண்டிப் படித்தவளுக்குக் கிடைத்தது இது.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: விடைக்குறிப்பைத் திருத்தி, அந்த ஒரு கேள்வியை மட்டும் எல்லோருக்கும் மறுபடி மதிப்பிடுங்கள். அரியர் தேர்வுக்குப் பணம் கட்ட வரும் வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குள் தயவுசெய்து செய்யுங்கள்.

இப்படிக்கு,
அந்தத் தாளை நடத்தும் ஆசிரியர்