சர்வர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் சங்கத்தின் சர்வரைக் கவனித்துக்கொள்ளும் தொழில்நுட்பக் குழுவினருக்கு, வணக்கம்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும். சாட்ஸ்வொர்த்தில் மின்சாரம் போனது, யூபிஎஸ் தாங்கவில்லை, சர்வர் அணைந்து மறுபடி எழுந்தது. டர்பனில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. ஆனால் காவடிக்குப் பெயர் கொடுக்க வந்தவர்களுக்கு நம் தளம் வரவில்லை. சிவப்புப் பட்டையில் "இட் ஒர்க்ஸ்!" என்று நம் சர்வரின் இயங்குதளமான டெபியனின் வெறும் பக்கம்தான் வந்தது. "தம்பி, இந்த வருசம் காவடி இல்லையா?" என்று ஒரு பாட்டி போனில் கேட்டார். என்ன பதில் சொல்வது?

காரணம், தளத்தைப் பார்ப்பவர்களுக்கு அனுப்பும் மென்பொருளான அப்பாச்சி ஒரே சர்வரில் இரண்டு. டெபியனே தயாரித்துத் தரும் பேக்கேஜாக வந்தது ஒன்று. சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, கம்பைல் செய்து, அது காட்டிய இயல்பு இடமான /யூஎஸ்ஆர்/லோக்கல்/அப்பாச்சி2 என்பதிலேயே நீங்கள் இறக்கியது இன்னொன்று. இரண்டாவதை யாரோ கையால் ஓடவிட்டிருந்தார்கள். சர்வர் எழும்போது எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ரீபூட் ஆனதும் தளத்தைத் தேடி வருபவர்கள் நுழையும் வாசலான 80ஆம் போர்ட்டை முதலாவது பிடித்துக்கொண்டது. அதன் மேல் தப்பில்லை.

தயவுசெய்து டெபியன் பேக்கேஜையே பயன்படுத்துங்கள்.

"டெபியனில் இருப்பது பழைய வெர்ஷன்" என்பது உங்கள் வழக்கமான பதில். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தபோது, ஓப்பன்எஸ்எஸ்எல் அதை 1.0.1ஜி-யில் சரிசெய்தது. அப்போதைய டெபியன் பதிப்பான வீஸியோ 1.0.1இ-யிலேயே இருந்துகொண்டு, அந்த ஓட்டையை மட்டும் அடைத்துப் பேக்கேஜை வெளியிட்டது. எண் பழையது, ஓட்டை இல்லை. நம் சர்வரில் நிலைமை தலைகீழ். பேக்கேஜ்களை அப்டேட் செய்யும் ஆப்ட் தினமும் ஓடி "எல்லாம் புதிது" என்கிறது. உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் அப்பாச்சி அதன் கணக்கிலேயே இல்லை. கம்பைல் செய்த அன்று எப்படி இருந்ததோ, இன்றும் அப்படியே.

/யூஎஸ்ஆர்/லோக்கல் கூடாத இடம் என்று நான் சொல்லவில்லை. நிர்வாகி தானாக இறக்குவதற்கென்றே ஒதுக்கிய இடம் அது. டெபியன் பேக்கேஜ்கள் அங்கே கோப்பு எதையும் வைப்பதில்லை. ஆனால் அங்கே வைத்தவர்தான் காலத்துக்கும் அப்டேட் பார்க்க வேண்டும். வைத்தவர் ஜோகன்னஸ்பர்க்கில் புது வேலைக்குப் போய்விட்டார். பாஸ்வேர்டு யாரிடம் என்று கேட்டால் வாட்ஸ்அப்பில் கும்பிடும் கை வருகிறது. காவடிக் கமிட்டியில் பால்குடம் யார் பொறுப்பு என்பதற்குக்கூடப் பட்டியல் உண்டு, சர்வருக்குக் கிடையாது. வாழ்க!

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: தளத்தின் அமைப்புகளை டெபியன் பேக்கேஜ் படிக்கும் இடமான /இடிசி/அப்பாச்சி2-க்கு மாற்றி, டெபியன் பேக்கேஜில் ஓடவிடுங்கள். கம்பைல் செய்ததை நீக்குங்கள். பிறகு யாராவது பக்கத்தில் இருக்கும்போது ஒரு முறை ரீபூட் செய்து பாருங்கள். சித்திராப் பருவக் காவடிக்குப் பதிவு தொடங்கும் முன் இதை முடித்துக் கொடுத்தால் நன்றியுடையவனாக இருப்பேன். ஒரு சனிக்கிழமை சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருவன்