மாப்ளைக்கு, மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன்லேர்ந்து, 2024 டிசம்பர்

டேய் மாப்ள,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு குண்டன் சொன்னான், சந்தோஷம். இங்க எல்லாரும் சௌக்கியம். சரி, நேரா விஷயத்துக்கு வரேன்.

ஜெயிச்சுட்டோம்டா! நம்ம ஊர் கறுப்பின காலேஜ் ஜாக்சன் ஸ்டேட், அமெரிக்கன் ஃபுட்பால்ல கறுப்பின காலேஜ் டீம்களோட பெரிய ஃபைனலான செலிப்ரேஷன் பவுல்ல, 28-7. சனிக்கிழமை அட்லாண்டா போய் நேர்லயே பார்த்துட்டு வந்தேன், கத்தின கத்துல இன்னும் குரல் வரல. 'ஜெயிச்சுட்டோம்'னு சொல்றியே, நீ எப்படா அங்க படிச்சேன்னு கேப்ப. தெரியும். இந்த ஊர் தண்ணியக் குடிக்கிறேன்ல, அது போதாதா? தண்ணி வராத நாளையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

2022 ஆகஸ்ட் கடைசில உனக்குப் புலம்பிப் புலம்பி வாய்ஸ் நோட் அனுப்புவேனே, ஞாபகம் இருக்கா? பேர்ல் ஆத்துல வெள்ளம், ஏற்கெனவே இழுத்துக்கிட்டிருந்த சுத்திகரிப்பு நிலையம் மொத்தமா படுத்துருச்சு, ஒன்றரை லட்சம் பேருக்குக் குடிக்கத் தண்ணி இல்லாம, கார்ல க்யூ நின்னு பாட்டில் தண்ணி வாங்கினோம். அந்த சீசன்லதான் பழைய ஃபுட்பால் ஸ்டார் டியான் சாண்டர்ஸ் ஜாக்சன் ஸ்டேட்டுக்குக் கோச், டீம் 12-0ன்னு, அதாவது 12 வெற்றி, ஒரு தோல்வி கூட இல்லாம ஓடிக்கிட்டு இருந்துச்சு. மனுஷனுக்குக் கால்ல ரெண்டு விரலையே எடுத்திருந்தாங்க, அப்பவும் மைதானத்து ஓரத்துல நின்னு அதட்டுவாரு. ஸ்கூல் முடிச்சு வர்ற ஆட்டக்காரங்கள்ல நாட்டிலேயே நம்பர் ஒன்னு எல்லாரும் சொன்ன டிராவிஸ் ஹன்டர், பெரிய யுனிவர்சிட்டியான ஃப்ளோரிடா ஸ்டேட்டை விட்டுட்டு இந்தக் கறுப்பின காலேஜுக்கு வந்தான், நம்ப முடியுதா? டிவிக்காரனுங்க எல்லாம் ஜாக்சன்ல வந்து டேரா போட்டானுங்க.

டிசம்பர் 3, சதர்ன் யுனிவர்சிட்டியை 43-24ல அடிச்சு ஸ்வாக் (நம்ம டீம் ஆடுற கறுப்பின காலேஜ் லீக்) கப்பைத் தூக்கினாங்க, அன்னிக்கே சாண்டர்ஸ் பசங்களை உக்கார வச்சு, நான் கொலராடோ யுனிவர்சிட்டிக்குக் கோச்சா போறேன்னுட்டாரு. இங்க வருஷத்துக்கு 3 லட்சம் டாலர், அங்க அஞ்சு வருஷத்துக்கு 2.95 கோடி டாலர். அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு அட்லாண்டால, கடைசி செகண்ட்ல ஹன்டர் டச்டவுன் பிடிச்சு டை ஆக்கியும், ஓவர்டைம்ல நார்த் கரோலைனா சென்ட்ரல்கிட்ட 41-34ன்னு போச்சு. அதுக்கு முந்தின வருஷம் சவுத் கரோலைனா ஸ்டேட்கிட்ட 31-10. ஆக ரெண்டு தடவை போயும் அந்த செலிப்ரேஷன் பவுல் கப்பு அவர் கைக்கு வரல.

போனவரைத் திட்டுற கூட்டத்துல நான் இல்லடா. நீயும் நானும் சம்பளம் பார்த்து ஊர் மாறினவங்கதானே? ஆனா அவருக்கப்புறம் வந்த டி.சி. டெய்லரை யாராவது கவனிச்சாங்களா சொல்லு. இதே காலேஜ்ல ஆடினவர், சாண்டர்ஸ்கிட்ட அசிஸ்டெண்டா இருந்தவர். முதல் வருஷம் 7-4. 'அவ்வளவுதான், கதை முடிஞ்சுது'ன்னு பேசினாங்க. இந்த வருஷம் ஸ்வாக்ல ஒரு மேட்ச் கூட தோக்கல, 8-0, ஃபைனல்ல அதே சதர்னை 41-13. அப்புறம் அட்லாண்டால யாரு எதிர்ல? அதே சவுத் கரோலைனா ஸ்டேட்! எனக்குக் கை நடுங்குச்சுடா.

ஹாஃப்டைம் பத்தி சொல்லியே ஆகணும். நம்ம ஊர்ல இன்டர்வெல்னா எல்லாரும் டீ குடிக்கப் போவோம். இங்க அப்பதான் போனவன்லாம் ஓடி வந்து சீட்டைப் பிடிக்கிறான். சோனிக் பூம்னு ஜாக்சன் ஸ்டேட் பேண்டு, ட்யூபா வரிசை மொத்தமும் ஒரே சமயத்துல இடது வலதுன்னு ஆடிக்கிட்டு வருது, டிரம் அடி நெஞ்சுக்குள்ள இறங்குது. பக்கத்து சீட்ல ஒரு பாட்டி, ரிமோட் மாதிரி என் முழங்கையை அழுத்தி அழுத்தி, 'இதைப் பாரு, இப்ப இதைப் பாரு'ன்னு ஒண்ணு விடாம காட்டினாங்க.

ராத்திரி ரூமுக்கு வந்து டிவியப் போட்டா, நியூயார்க்ல ஹைஸ்மன் விருது, காலேஜ் ஃபுட்பால்ல வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரனுக்குக் கொடுக்கிறது. யாருக்கு? டிராவிஸ் ஹன்டருக்கு! அதே நாள்டா! பகல்ல இவங்க அவன் இல்லாம ஜெயிக்கிறாங்க, ராத்திரி அவன், சாண்டர்ஸ் பின்னாடியே போன கொலராடோ பேரைப் போட்டுக்கிட்டு நாட்டிலேயே பெரிய பரிசை வாங்குறான். எனக்குக் கோபமா பெருமையான்னே தெரியல, என் பொண்டாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தா.

அதுலேர்ந்து ஒரே யோசனை. ஓல் மிஸ்ல, அதான் மிசிசிப்பி யுனிவர்சிட்டில, 1970-கள் தொடங்குற வரைக்கும் ஃபுட்பால் டீம்ல ஒரு கறுப்புப் பையன் கிடையாது. அப்பதான் பின்னாடி பெரிய ஃபுட்பால் ஸ்டாரான வால்டர் பேட்டன் இங்க வந்து ஆடினாரு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1970 மே மாசம், போலீஸ் இந்த கேம்பஸ்ல புகுந்து சுட்டு ரெண்டு பசங்க செத்தாங்க, ஒருத்தன் ஸ்கூல் பையன். லேடீஸ் ஹாஸ்டல் சுவத்துல குண்டு பட்ட தடம் இன்னும் இருக்கு, நானே பார்த்திருக்கேன். கறுப்புப் பசங்களுக்குக் கதவு திறந்ததும் பெரிய யுனிவர்சிட்டிங்க அவங்களைக் கூட்டிட்டுப் போச்சு, பணம் மட்டும் இந்தப் பக்கம் வரவே இல்ல. இப்ப டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வேற, ஆட்டக்காரன் பேரைப் போட்டு வேற காலேஜுக்கு மாறிடலாம். சனிக்கிழமை ஆடினவன்ல எத்தனை பேர் அடுத்த வருஷம் இருப்பான்? யாருக்காவது நல்ல விலை வந்தா போகாதேன்னு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?

சரி விடு. நீ ஏப்ரல்ல வரேன்னு சொன்னியே, டிக்கெட் இன்னும் போடலைன்னா அக்டோபருக்கு மாத்து. ஏப்ரல்ல இங்க ஒண்ணும் கிடையாது, வந்து என் மூஞ்சியப் பார்த்துட்டுத்தான் போவ. ஹோம்கமிங், அதான் பழைய மாணவர்கள் எல்லாம் திரும்பி வர்ற மேட்ச் விழா, அப்ப வந்தேன்னா பார்க்கிங் லாட்லயே கறி சுட்டுத் தருவானுங்க. அப்புறம் குண்டன்கிட்ட அந்த 500 ரூவா மேட்டர் என்னாச்சுன்னு மறக்காம கேளு.

உன்,
சித்தப்பா