கடல் தின்றது போக மிச்சம்

பாம்பன்,
ஆடி மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே எல்லோரும் நலம். அங்கே ஷார்ஜா வெயிலில் நீ இன்னும் கருத்திருப்பாய், அதில் கேட்க ஒன்றுமில்லை. கச்சான் காற்று ஒரு வாரமாக மணலை வாரி வீட்டுக்குள் கொட்டுகிறது. அக்கா மகள் விசேஷம் நல்லபடியாக முடிந்தது. நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. பந்தியில் சண்டை போட்ட ஒரே ஆள் வழக்கம்போல ஒண்டிப்புலி.

நான்கு மாதமாக ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். அதற்கு முன்னால், நான் யூடியூபில் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்டிருந்தாய்: "என் அப்பா முகம் ஏன் தேய்ந்த சோப்பு மாதிரி இருக்கிறது?" இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். அதைச் சொல்ல வாய் வராமல்தான் எழுதவில்லை.

மாசியில் தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுத்த அன்று, மாமா, உன் அப்பாதான், வலை இழுக்கிறபோது பாடும் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுத்ததைக் கைபேசியில் பதினெட்டு நிமிடம் எடுத்தேன். அவர் ஒரு வரி சொல்ல, கயிற்றைப் பிடித்திருந்த அத்தனை பேரும் அதை வாங்கிப் பாட, மீன் சேரும் வலைப்பை, அந்த மடி, கரையேறும்வரை கையை ஆட்டாமல் எடுத்தேன். 4கே தரத்தில் நிமிடத்துக்கு 350 எம்பி வீதம் ஆறு ஜிபிக்கு மேல் வந்தது. எங்கள் தெருவில் இணையம் மேலே ஏறும் வேகம் வினாடிக்கு 2 மெகாபிட், அதுவும் காற்று நல்ல மனநிலையில் இருந்தால். எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்பி. கணக்குப் போட்டுப் பார்: ஏழு மணி நேரம். நடுவில் மின்சாரம் போனால் பிள்ளையார் சுழியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்போதுதான் "சுருக்கி ஏற்று" என்றான் தம்பி மகன். ஹேண்ட்பிரேக் என்று ஓர் இலவச மென்பொருள். கோப்பை உள்ளே போட்டு, பட உயரத்தை 1080 புள்ளிக்குக் குறைத்து, வினாடிக்கு எத்தனை பிட் செலவழிக்கலாம் என்று சொன்னால் போதும். எனக்கோ அவசரம். நூற்றைம்பது எம்பிக்குள் அடங்கட்டும் என்று வினாடிக்கு ஒரு மெகாபிட் சொச்சம் கொடுத்தேன். ஒலியையும் ஒற்றைத் தடமாக்கி இறுக்கினேன். பத்தே நிமிடத்தில் யூடியூபில் ஏறிவிட்டது. என்னைவிடக் கெட்டிக்காரன் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

முகம் ஏன் தேய்ந்தது என்பது எனக்குப் புரியவே இரண்டு மாதம் ஆனது. புரிந்ததிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி ஓட ஓட விரட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது உன் முறை.

நம் கணக்கு வாத்தியார் வருகைப் பதிவேட்டில் ஒருவனுக்கு மட்டும் முழுதாக எழுதிவிட்டு, கீழே வரிசையாக "மேற்படி, மேற்படி" என்று போட்டுக்கொண்டு போவாரே, வீடியோவைச் சுருக்குகிற வேலையும் அதுதான். ஒரு படத்தை முழுதாக எழுதிக்கொள்ளும். அடுத்தடுத்த படங்களில் எது மாறவில்லையோ அதற்கு மேற்படி. எது நகர்ந்ததோ அதற்கு "இந்தத் துண்டு இங்கிருந்து அங்கே போனது" என்று ஒரு குறிப்பு. செய்தி வாசிக்கிறவர் படம் சின்னக் கோப்பிலும் பளிச்சென்று இருப்பது இதனால்தான். பின்னால் சுவர் அசையவில்லை, வாய் மட்டும்தான் அசைகிறது. நம் புதிய பாலத்தின் தூக்குப் பகுதி மேலே போவதை ஊரே எடுத்துப் போடுகிறது. அதுவும் நன்றாகத்தான் சுருங்குகிறது. இரும்பு முழுவதும் ஒரே துண்டாக ஏறுகிறது, பாதிப் படம் வானம்.

கடலுக்கு மேற்படி கிடையாது, மாப்பிள்ளை. ஒரு அலை போன இடத்துக்கு அதே அலை திரும்பி வருவதில்லை. அன்று மன்னார் வளைகுடாப் பக்கத்து ஆண்கடல் அடங்கித்தான் கிடந்தது. ஆனாலும் சிற்றலை ஒவ்வொன்றின் மேலும் வெயில் மினுங்கியது. போதாக்குறைக்கு வலைக்கண், காலில் தெறிக்கும் மணல், மடியில் துள்ளும் சூடை மீன். நான் கொடுத்திருந்ததோ வினாடிக்கு ஒரு மெகாபிட் என்ற அரைப்படி அரிசி. அதை முக்கால்வாசி கடலே தின்றுவிட்டது. மாமாவின் முகத்துக்கு மிஞ்சியது கழுவிய தண்ணீர்தான். ஒலியிலும் இதே கதை. அலையின் இரைச்சலுக்கு ஒழுங்கு கிடையாது, அதனால் அதையும் சுருக்க வராது. இரைச்சலுக்கும் குரலுக்கும் இருந்த கொஞ்ச இடத்தில் அடிதடி நடந்து, அம்பா தண்ணீருக்கடியில் பாடியது போல ஆகிவிட்டது.

இது போதாதென்று, நாம் எதை ஏற்றினாலும் யூடியூப் தன் பங்குக்கு மறுபடி ஒருமுறை சுருக்கும். கருவாட்டை இரண்டாம் தடவை காயப்போட்டது போல. ஆகவே ஏற்றுகிற கோப்பில் கொஞ்சம் சதை இருக்க வேண்டும். 1080 அளவுக்கு, வினாடிக்கு 30 படம் என்றால், வினாடிக்கு 8 மெகாபிட் கொடு என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படிக் கொடுத்திருந்தால் ஒரு ஜிபி சொச்சம் ஆகியிருக்கும். ஏற்ற எவ்வளவு நேரம் தெரியுமா? ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். பேருந்துக்கு நிற்கிற நேரம். அந்த நேரத்தை மிச்சம் பிடித்துத்தான் உன் அப்பாவின் முகத்தை அழித்தேன்.

இப்போது பிட்டைக் கட்டுப்படுத்துவதையே விட்டுவிட்டேன். தரத்துக்கு ஓர் எண் இருக்கிறது, அதை 20 என்று வைத்தால் கடலுக்கு வேண்டியதைக் கடலுக்கும் சுவருக்கு வேண்டியதைச் சுவருக்கும் அதுவே பங்கிட்டுக்கொள்கிறது. கோப்பு எவ்வளவு பெரிதாகும் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லாது. எண் குறையக் குறையத் தரம் கூடும், பள்ளிக்கூட ரேங்க் மாதிரி. உனக்கு அந்தப் பக்கம் பழக்கமில்லை என்பதால் சொல்கிறேன். ஹெச்.265 என்று 2013இல் வந்த சுருக்கும் முறையில் கோப்பு ஏறத்தாழ பாதியாகிறது. ஆனால் என் கணினி அதைத் தொட்டதும் இழுப்பு வந்த கிழவரைப் போல மூச்சு வாங்குகிறது. 2003இல் வந்த பழைய ஹெச்.264தான் எனக்குச் சரி.

"அப்படியானால் மறுபடி நன்றாகச் சுருக்கி ஏற்றேன்" என்பாய்.

எதைச் சுருக்க? மூலம் இல்லை. விசேஷத்தன்று கைபேசியில் இடம் போதவில்லை என்றது. யூடியூபில்தான் இருக்கிறதே என்று ஆறு ஜிபியையும் அழித்துவிட்டேன். எனக்குப் புத்தி வந்தபோது கைபேசியின் குப்பைத் தொட்டி தானாகவே காலியாகியிருந்தது. இதுதான் நான்கு மாதமாக நான் சொல்லாதது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

மாமாவிடம் போய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். "குரல் என்னுடையது போல இருக்கிறது. ஆள் யார்?" என்றார். வீட்டிலேயே உட்கார்ந்து இன்னொரு தடவை பாடுங்கள், பதிந்துகொள்கிறேன் என்றேன். கயிறும் ஆளும் இல்லாமல் பாட அது என்ன தாலாட்டா என்று கேட்டுவிட்டு வெற்றிலைச் செல்லத்தை இழுத்துக்கொண்டார். சரி, காற்று மாறி ஆண்கடல் அடங்கட்டும், மறுபடி வலை வைப்பார்கள், எடுக்கலாம் என்று இருந்தேன்.

போன புதன்கிழமை போனபோது அவர் எழுந்து நிற்கச் சுவரைப் பிடித்தார். வலது முழங்கால் நன்றாக வீங்கியிருக்கிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். வாயால்தானே சொல்லக் கூடாது, எழுதுகிறேன். நாளை மறுநாள் ராமநாதபுரத்துக்கு மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். வர மாட்டேன் என்றால் உன் பெயரைச் சொல்லித்தான் கிளப்பப் போகிறேன், காட்டிக் கொடுக்காதே. அவரை விட்டால் அந்த வலையில் அம்பா எடுத்துக் கொடுக்க இன்று வேறு ஆள் இல்லை. மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறவர்கள்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எடுத்த அன்று இரவே, ராமேசுவரத்தில் அக்கா வீட்டு வைஃபையிலிருந்து உனக்கு ஒரு துண்டு அனுப்பினேன், நினைவிருக்கிறதா? மடி கரையேறும் இடம், இருபது வினாடி இருக்கும். வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் தானே சுருக்கிவிடும் என்று தம்பி மகன் சொன்னதால் ஆவணமாக அனுப்பினேன். முழுவதையும் அங்கேயே உட்கார்ந்து ஏற்றியிருக்கலாம். அக்கா சாப்பாடு போட்டாள், தூக்கம் வந்தது, கடைசிப் பேருந்தைப் பிடித்துவிட்டேன்.

உன் கைபேசியில் தேடு. பழைய கைபேசியிலும் தேடு. நூறு எம்பிக்கு மேல் ஒரு கோப்பு இருந்தால் அதுதான். வெட்டாதே, பெயரை மாற்றாதே, குடும்பக் குழுவில் போட்டுவிடாதே. ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வைத்துவிட்டு, எனக்கு அப்படியே ஆவணமாக அனுப்பு. எவ்வளவு நேரம் எடுத்தாலும் நான் இறக்கிக்கொள்கிறேன்.

அத்தை உனக்கு நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறார். அங்கே வருகிறவர்கள் யாராவது இருந்தால் எழுது. ஒண்டிப்புலி கையில் மட்டும் கொடுக்க மாட்டேன்.

உன்,
நெட்டை