செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத பெரும்பான்மையினருக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. கொடியேற்றமும் கண் சிகிச்சை முகாமும் வழக்கம்போல் நடந்தன.

நமது இலவச ஆம்புலன்ஸ் ஜூன் மாதத்தில் ஒன்பது நாள் கொட்டகையில் நின்றதற்கு என்னைக் குறை கூறியவர்களுக்கு விளக்கம் தரக் கடமைப்பட்டுள்ளேன். காப்பீடு முடிந்த அன்று பிரீமியம் கட்டச் சங்கக் கணக்கில் பணமில்லாததால், சாவியை என் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். "ஆம்புலன்ஸை மறித்து எந்தப் போலீஸ்காரர் இன்சூரன்ஸ் கேட்கப்போகிறார்?" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். கேட்காமலே விடலாம். ஆயினும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கான காப்பீடு, இல்லாத வண்டியைப் பொதுவிடத்தில் ஓட்டக் கூடாது என்கிறது. சேவை இலவசமா கட்டணமா என்று அது பார்ப்பதில்லை. அரசுப் பணிக்கு ஓடும் அரசு வண்டிக்குள்ள விலக்கும் நமக்குக் கிடையாது. முதல் முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். என் அச்சம் அதுவன்று. விபத்தில் ஓர் உயிர் போனால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பில்லை. காப்பீடில்லாத வண்டிக்கு அத்தொகையைப் பதிவுச் சான்றில் உரிமையாளராக உள்ள சங்கமே கட்டவேண்டும். சாலையில் வழிவிடச் செய்யும் சைரன் தீர்ப்பாயத்தில் ஒலிக்காது.

பிறகு கட்டிக்கொள்ளலாம் என்ற யோசனையும் செல்லாது. பிரீமியம் வந்து சேராமல் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்கக் கூடாதென்று 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டமே தடுக்கிறது. இறுதியில் என் சொந்தப் பணத்தில் கட்டினேன்; அதில் பாதி இன்னும் வரவேண்டியுள்ளது. பணியில் சம்பள ஓட்டுநருக்கு விபத்து நேர்ந்தால் சங்கத்துக்கு வரும் சட்டப் பொறுப்பையும் சிறு தொகை கூட்டிப் பாலிசியில் சேர்த்துள்ளேன். அவரிடம் இலகுரக வாகன உரிமம் மட்டுமே உள்ளதென்ற முணுமுணுப்பும் இனி வேண்டாம்: 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்துக்கு அவ்வுரிமம் போதுமென 6-11-2024 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துள்ளது.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரியாக உள்ளது. விவரம் பொருளாளரிடம் உண்டு. தலைவருக்கும், டீசல் செலவில் உதவிய வணிகர்களுக்கும், ஒன்பது நாளும் தம் காரை நோயாளிகளுக்கு அனுப்பிய உறுப்பினருக்கும் நன்றி.

மூன்றாண்டுச் சந்தா பாக்கி வைத்திருப்போர் பெயர்களை இங்கே வாசிக்கும் எண்ணம் எனக்கில்லை. பட்டியல் என் பையில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு இப்பொறுப்பை இளையவர் எவரேனும் ஏற்றால் மகிழ்ச்சியுடன் சாவியையும் ஒப்படைப்பேன். பாலிசி வரும் ஜூனில் மீண்டும் முடிகிறது. ரசீதுப் புத்தகம், தேநீர் வழங்கும் மேசையருகே, கூட்டம் முடியும்வரை இருக்கும்.